கறுத்த பக்கம் கீழே

போன கிழமை இரவு ரொறன்ரோவிலிருந்து மச்சான் வட்ஸ்அப்பில் எடுத்தான். ஓகஸ்ட் கடைசியில் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறானாம். பாசிக்குடா வேண்டாமாம், ஹோட்டல் வேண்டாமாம்.

"மச்சான், ரெண்டு மூணு நாள் காட்டுக்குள்ள ரெண்ட் அடிச்சு இரிக்கிற மாதிரி ஒரு இடம் பாத்து வை. புக்கிங், காசு எண்டெல்லாம் வேணாம். சும்மா போய்ப் படுக்கிற இடம்."

அவன் கேட்டதில் பிழை இல்லை. ஒன்ராறியோவில் அரச நிலத்தில், கனடாவில் குடியிருக்கும் எவரும் ஒரே இடத்தில் வருசத்துக்கு 21 நாள் வரை சல்லிக்காசு கட்டாமல் கூடாரம் அடித்துத் தங்கலாம். காட்டு ரோட்டோரம் காரை விட்டுவிட்டு, ஏரிக்கரையாகப் பார்த்து இறங்கினால் சரி. அமெரிக்காவின் தேசிய வனங்களிலும் இதே கதைதான், பெரும்பாலான இடங்களில் 14 நாள் கணக்கு. சுவீடன்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், காடும் கரையும் எல்லோருக்கும் திறந்தவை என்பதை 1994இல் அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

"அப்பிடி ஒண்டு இஞ்ச இல்ல மச்சான்" என்றேன்.

உண்மையும் அதுதான். இலங்கையில் ஒதுக்குக் காடு என்றால் வன இலாகா, தேசியப் பூங்கா என்றால் வனஜீவராசிகள் திணைக்களம். ஒன்றுக்கு 1907இல் வந்த கட்டளைச் சட்டம், மற்றதுக்கு 1937இல் வந்தது. இரண்டுக்குள்ளும் அனுமதி இல்லாமல் நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். பூங்காவில் ஓர் இரவு தங்க வேண்டுமென்றால் பங்களாவோ கூடாரத் தளமோ முன்கூட்டியே பதிந்து காசு கட்ட வேண்டும். ஜீப்பில் போகலாம், கண்ட இடத்தில் இறங்கக் கூடாது.

அவன் விடவில்லை. "அப்ப நீ வருசா வருசம் அஞ்சாறு நாள் காட்டுக்குள்ள போய்க் கிடந்துட்டு வாறியே, அது என்ன? அதுக்கு ஆர்ட்ட டிக்கட் எடுத்த?"

சட்டென்று பதில் வரவில்லை. நெட் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவனுக்கான பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு இருங்கள்.

எங்கள் வீடு அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு நடை தூரம். வெளியூர்க்காரருக்கு மாமாங்கம் என்றால் ஆடி அமாவாசைத் தீர்த்தம்தான். அன்றைக்கு எங்கள் குளத்தில் கால் வைக்க இடம் இராது. எனக்குச் சின்ன வயதில் அதைவிடப் பெரிய விசேடம், அதற்கு முந்தி வரும் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் என்று கரையோரமாகவே நடந்து, ஒரு மாதத்துக்கும் மேலாக வெயில் குடித்துக் கறுத்துப்போய் மாமாங்கத்தில் வந்து இறங்குவார்கள். அம்மா மோர்ப்பானையைத் தந்து அனுப்புவா. மோர் கொடுத்து முடிந்ததும் நான் திரும்பி வரமாட்டேன். அவர்கள் மூட்டை அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பார்க்க அதில் ஒன்றுமே இருக்காது. அதுதான் அதிசயம். ஒரு பாய், ஒரு மாற்று வேட்டி, ஒரு தகரக் குவளை, திருநீற்றுப் பை, சின்னப் பானை ஒன்று. அவ்வளவையும் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு நடந்து வந்திருக்கிறார்கள், இனிக் காட்டுக்குள்ளும் போகப் போகிறார்கள். எங்கள் வீட்டில் சித்தாண்டிக்கு ஒரு கலியாணத்துக்குப் போவதென்றாலே மூன்று பை கட்டுவோம்.

நான் முதல் முறை காட்டுக்குள் போனது 2017இல். நேர்த்தி எதுவும் இல்லை, உண்மையைச் சொன்னால் ஆசைதான். மாமாங்கத்திலிருந்து நடக்கிற தைரியம் வரவில்லை. பொத்துவில் வரை பஸ், அங்கிருந்து பாணமை, பிறகு உகந்தை. முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கினான் என்று சொல்லும் கரை அது. கோயிலுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் குமண தேசியப் பூங்காவின் வாசல்.

அந்த வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 35,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காடு. 1970இல் தேசியப் பூங்காவானது, அப்போது பெயர் யால கிழக்கு. 2006இல்தான் குமண என்று மாற்றினார்கள். வருசம் முழுக்க டிக்கட்டும் ஜீப்பும் இருந்தால்தான் அந்த வாசல் திறக்கும். ஆனால் கதிர்காமக் கொடியேற்றம் கிட்டி வரும்போது கச்சேரியில் கூட்டம் போட்டு ஒரு தேதி குறிப்பார்கள். அன்று காலை பூசை முடிய, அரோகரா என்ற சத்தத்தோடு கதவு திறக்கும். ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு யாரும் நடந்து போகலாம். கட்டணம் இல்லை. பெயரைப் பதிந்துவிட்டு, பையைக் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். மற்ற நாளில் ஜீப்பை விட்டு இறங்கினால் தண்டம் அடிக்கும் அதே காட்டில், பாயை விரித்துப் படுக்கலாம், மூன்று கல் வைத்துச் சோறாக்கலாம்.

கதவு திறந்த அன்று என் முதுகில் பதினேழு கிலோ இருந்தது. நாலு பேர் படுக்கும் ரெண்ட், காஸ் அடுப்பு, காற்றடிக்கும் மெத்தை, பற்றரி இரண்டு, நூடில்ஸ் பக்கற் ஒரு டசின். எல்லாம் ஒன்லைனில் வாங்கியவை. முதல் ஆறு மைல் போவதற்குள் மெத்தையை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அந்தப் பாதை ஒரே நிழல் என்று நினைத்துப் போனேன். அது வெட்டையும் பற்றையும் மணலுமாக மாறி மாறி வரும். ஆனி, ஆடி எங்கள் பக்கம் நெருப்பு மாதம். மழை மாரியில்தான், அதனால் யாத்திரை நேரம் குளங்கள் வற்றி, வில்லுகளில் சேறுதான் மிச்சம். மணல் காலை இழுக்கும். உமி மேல் நடப்பது போல.

அன்று பின்னேரம் வாகூரவெட்டையில் நல்லதொரு மரத்தைப் பார்த்தேன். குடை மாதிரி விரிந்து, கீழே சுத்தமாகக் கிடந்தது. ரெண்டை விரித்து முளையை அடிக்கத் தொடங்கினேன். ஒரு ஆச்சி நடந்து வந்து பக்கத்தில் நின்றா. வந்தாறுமூலைக்காரி என்பது பிறகுதான் தெரியும். காவிச் சேலை, தலையில் ஒரு உரப்பை மூட்டை, கையில் தடி.

"மனே, இது என்ன மரம்?"

"தெரியா ஆச்சி."

குனிந்து, கீழே கிடந்த ஒரு மஞ்சள் பழத்தை எடுத்து என் கையில் வைத்தா. "தின்டு பாரு."

தேன் மாதிரி இருந்தது. பாலைப்பழம்.

"உனக்கு ருசிக்கிதெல்லோ. கரடிக்கும் ருசிக்கும். ராவைக்கு அவர் வந்து மேல ஏறினாரெண்டா நீ எங்க போவ?"

ரெண்டைச் சுருட்டிக்கொண்டு வெட்டைக்கு வந்தேன். அங்கே நாற்பது ஐம்பது பேர் பாயை விரித்து, ஒருவர் காலடியில் மற்றவர் தலை என்று நெருக்கமாகக் கிடந்தார்கள். என் ரெண்டின் முளை அந்த வறண்ட மண்ணில் இறங்கவே இல்லை. கடைசியில் அதன் மேல்துணியை மட்டும் விரித்து, ஆச்சியின் குழுவுக்குப் பக்கத்தில் படுத்தேன். நடுச்சாமத்தில் தூரத்தில் கிளை முறிகிற சத்தம். யாரோ ஒருவர் எழும்பி நெருப்பில் இரண்டு கட்டையைத் தள்ளிவிட்டு, "அரோகரா, பெரியவர் தண்ணிக்குப் போறார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் படுத்தார். அதன் பிறகு எனக்கு நித்திரை இல்லை. மற்றவர்கள் குறட்டை விட்டார்கள்.

அந்த அஞ்சு நாளில் நான் படித்தது ஒரு பள்ளிக்கூடப் பாடம். கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று ஒவ்வொரு தங்கலிலும் ஒரு அத்தியாயம். ஆனை தண்ணிக்கு இறங்கும் தடத்தில் படுக்காதே. தனியாகப் படுக்காதே. ஆற்றில் நாலு பேர் குளிக்கும் இடத்தில்தான் குளி, முதலைக்கு ஒற்றையாள்தான் பிடிக்கும். வாவியில் முதலை பார்த்து வளர்ந்த எனக்கே இதைச் சொல்லித் தர வேண்டியிருந்தது. ஆறு வற்றிய இடத்தில் மணலைக் கையால் தோண்டி ஊற்று எடு, தெளிந்த பிறகு குவளையால் அள்ளு, போகும்போது மூடாதே, பின்னால் வாறவனுக்கு வேணும். காலைக்கடனுக்கு ஆற்றை விட்டு நல்லாத் தள்ளிப் போ, ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி மூடிவிட்டு வா. அமெரிக்க வனங்களில் ஆறிலிருந்து எட்டு அங்குலம் தோண்டச் சொல்கிறார்கள் என்று பிறகு எங்கோ வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆச்சியின் சாணும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான்.

கும்புக்கன் கரை எனக்கு மிகவும் பிடித்த தங்கல். சிங்களத்தில் கும்புக் என்றால் எங்கள் மருது. ஆற்றுக்குப் பெயரைக் கொடுத்ததே அந்த மரங்கள்தான். வெள்ளைத் தோலும் வேரும் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். அந்தக் கரையில் ஆச்சியின் ஆட்கள் கஞ்சி காய்ச்சினார்கள். விடிய நாலு மணிக்குப் புறப்படும்போது நான் என் நெருப்பில் தண்ணி ஊற்றிவிட்டு நடந்தேன். நல்ல பிள்ளை என்று நினைப்பு எனக்கு.

"மனே, இஞ்ச வா."

ஆச்சி என் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றா. தடியால் சாம்பலைக் கிளறிக் காட்டினா. உள்ளே ஒரு தணல் கண் முழித்துக்கொண்டிருந்தது. திரும்பவும் தண்ணி ஊற்றி, கையால் பிசைந்து, சூடு இல்லை என்று கண்ட பிறகு சாம்பலை மணலோடு கலந்து பரப்ப வைத்தா. பிறகு அந்த மூன்று கல்லையும் ஒவ்வொன்றாகப் புரட்டச் சொன்னா. கரி பிடித்த பக்கம் மண்ணுக்குள், வெள்ளைப் பக்கம் மேலே.

"கறுத்த பக்கம் கீழ. காடு காடாத்தான் இரிக்கணும்."

திரும்பிப் பார்த்தேன். இருநூறு பேர் சமைத்துத் தின்று படுத்த கரை. அவர்கள் இருந்த பக்கத்தில் ஒரு தடமும் இல்லை.

ஒருவர் சொல்லி மற்றவர் பழகும் இந்தச் சங்கிலி ஒரு தடவை அறுந்தும் இருக்கிறது. சண்டைக்காலத்தில், 1985இல் அந்தப் பூங்காவை மூடினார்கள், 2003 மார்ச்சில்தான் திரும்பத் திறந்தது. யாத்திரையும் நின்றுபோன வருசங்கள் உண்டு. 1972இல் இளைஞனாக இந்தப் பாதையில் நடந்த பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர் 1988இல் சிலரைச் சேர்த்துக்கொண்டு திரும்ப நடக்கத் தொடங்கினார். அப்போது காட்டுக்குள் ஆனையை விடப் பயப்பட வேண்டியவை வேறு இருந்தன. அப்படியும் பழைய சாமிமார் சிலர் வந்தார்கள், எந்த இடத்தில் தண்ணி, எந்த இடத்தில் தங்கல் என்பதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு. வரைபடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. நடந்தவர் சொல்ல, நடக்கிறவர் கேட்க வேண்டும். ஒரு தலைமுறை நடக்காமல் விட்டிருந்தால் அவ்வளவும் போயிருக்கும்.

இப்போது நிலைமை வேறு. காட்டுக்குள் பவுசரில் தண்ணி வருகிறது. படையினரும் தொண்டர்களும் அங்கங்கே கொட்டில் போட்டிருக்கிறார்கள். அன்னதானம் கிடைக்கிறது. குறை சொல்லவில்லை, கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் எழுபது வயதுக்காரருக்கும் அது பெரிய புண்ணியம். ஆனால் தூக்கிச் சுமக்கத் தேவையில்லாத காட்டுக்குள் கவனமும் கொஞ்சம் குறைகிறது. வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனைப் பிடுங்குகிறார்கள், அப்படியும் லஞ்ச் சீற்றும் யோகட் கோப்பையும் தண்ணிப் போத்தலும் பற்றைக்குள் கிடக்கும். நாவலடியில் ஒருமுறை ஒரு மந்தி, ரொபித்தாளை உரிக்கிற லாவகத்தைப் பார்த்தேன். அது அன்றைக்குப் பழகியது இல்லை. இன்னொரு முறை ஆனை லத்திக்குள் சொப்பிங் பேக் துண்டு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனமில்லை.

மச்சான், நீ கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். அது என்ன? உரிமையா, சலுகையா?

உனக்கு ஒன்ராறியோவில் இருப்பது எழுதி வைத்த அனுமதி. 22ஆம் நாள் எழுப்பிவிடலாம், ஆனால் 21 நாளைக்கு உன்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. எங்களுக்கு இருப்பது வழக்கம். நாங்கள் வருவோம் என்று அவர்கள் திறக்கிறார்கள், அவர்கள் திறப்பார்கள் என்று நாங்கள் போகிறோம். தேதியும் நாட்கணக்கும் அந்தந்த வருசத்துக் கூட்டத்தில்தான். வழக்கத்தை மட்டும் நம்பி இருப்பது எவ்வளவு பலவீனம் என்று அறிய நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் பட்டிக்காரர் காலங்காலமாக மாட்டோடு போய் வாடி அடித்துத் தங்கி மேய்த்த நிலம். அவர்கள் கையிலும் இருந்தது வழக்கம்தான். 2023 செப்டம்பரில் அந்த நிலத்துக்காகச் சித்தாண்டித் தெருவோரம் வந்து உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் நடைபயணம் போனவர்கள் 23 பேர் செத்துப் போனார்கள். அதன் பிறகு அங்கே மலை ஏறுவதற்கு விதிகள் இறுகின. 2024இல் அரசே 40 பாதைகளைத் தெரிந்து, வழிகாட்டியோடும் கட்டணத்தோடும் திறந்துவிட்டது. காய்ந்த காட்டில் ஒரு தணல் எதைச் செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த இறுக்கம் விளங்கும். ஆச்சி என்னைத் திரும்பக் கூப்பிட்டுச் சாம்பலைப் பிசைய வைத்ததும் அதே காரணத்துக்குத்தான். வழக்கத்தால் திறக்கிற கதவு வழக்கம் கெட்டால் பூட்டும். பூட்டுகிறவரைத் திட்டிப் பயன் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. பை எட்டுக் கிலோவுக்கு மேல் வேண்டாம். ரெண்ட் வேண்டாம், ஒரு தறப்பாள், ஒரு பாய், ஒரு மெல்லிய போர்வை போதும். அவல், பருப்பு, அரிசி, சீனி, தேயிலை. வீட்டிலேயே பொலித்தீனைப் பிரித்துத் துணிப்பையில் மாற்றிக் கட்டுங்கள். விடிய நாலு மணிக்கு நடந்து ஒன்பதரைக்குள் நிழலுக்குப் போய்விடுங்கள், திரும்ப மூன்றரைக்கு மேல். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம், கொப்புளத்துக்கு அதுதான் காரணம். குழுவை விட்டுப் பிரியாதீர்கள். பாலை மரத்தைப் பழகிக்கொள்ளுங்கள், பழம் தின்ன, கீழே படுக்க அல்ல. கொண்டுபோன குப்பை கதிர்காமம் வரை உங்களோடு வரட்டும். மாணிக்க கங்கையில் முங்குவதற்கு முந்தி அதை இறக்கி வைத்தால் போதும்.

இன்னொரு விசயம், இது எனக்கே இரண்டு வருசம் கழித்துத்தான் விளங்கியது.

மூன்றாம் தடவை போனபோது கும்புக்கனில் நான் ஆச்சிக்கு முந்தியே இறங்கிவிட்டேன். சுத்தமான ஒரு இடம் பார்த்து, நல்ல வெள்ளைக் கல்லு மூன்று பொறுக்கி அடுப்பு வைத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி வந்தா. மூட்டையை இறக்கவில்லை. கரையோரமாக மெதுவாக நடந்து, கண்ட கண்ட கல்லையெல்லாம் தடியால் புரட்டிப் பார்த்துக்கொண்டு போனா. பாம்பு, தேள் பார்க்கிறா என்று நினைத்தேன். ஏழெட்டுக் கல்லுத் தள்ளி, ஒரு சாய்ந்த மருதுக்குக் கீழே நின்றா.

"மனே, அதை விட்டுட்டு இஞ்ச கொண்டு வா."

அவ புரட்டிய கல்லின் அடிப்பக்கம் கரி. பக்கத்தில் இன்னும் இரண்டு, அதுவும் கரி.

"வெந்த மண்ணுலதான் திரும்பவும் வேகணும். புதுசா ஒரு இடத்தை எதுக்குச் சுடுவான்?"

அப்போதுதான் எனக்கு முழுதும் பிடிபட்டது. கறுத்த பக்கம் கீழே என்றது காடு அழகாகத் தெரிவதற்கு மட்டும் இல்லை. தெரியாதவனுக்கு அது வெறும் கல். தெரிந்தவன் புரட்டிப் பார்த்தால் முன்னால் வந்தவன் இருந்த இடம் தெரியும். உங்கள் ஊரில், மச்சான், நெருப்பு வைத்த கல்வட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், அடுத்தவன் அதிலேயே மூட்டட்டும் என்று. நோக்கம் ஒன்றுதான். எங்கள் ஆட்கள் அதை மண்ணுக்குள் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இந்த வருசம் ஆச்சிக்கு முழங்கால் விடவில்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கு மட்டும் பேரனோடு வந்தா. தீர்த்தம் ஆடி, ஈரச் சேலையோடு குளக்கட்டில் இருந்தவவிடம் கதிர்காமத் திருநீற்றைக் கொடுத்தேன். பூசிக்கொண்டு, முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

"கும்புக்கன்ல அடுப்பு எங்க வெச்ச?"

"அந்தச் சாஞ்ச மருதுக்குக் கீழதான் ஆச்சி."

"கறுப்பு இரிந்துதா?"

"இரிந்தது."

தலையை ஆட்டினா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே மச்சான், ஓகஸ்ட் கடைசியில் வந்தால் உகந்தையில் முருகனைக் கும்பிடலாம், காட்டுக்கதவு பூட்டியிருக்கும். காசு கட்டித் தங்க விருப்பம் என்றால் பதிந்து தருகிறேன். சும்மா போய்ப் படுக்கிற இடம்தான் வேண்டுமென்றால் அடுத்த வருசம் ஆனி, ஆடிப் பக்கம் லீவைப் போடு. ரெண்டை அங்கேயே வைத்துவிட்டு வா. பிள்ளைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். கும்புக்கனில் இறங்கியதும் கல்லுகளைப் புரட்டிக் கறுப்புத் தேடட்டும்.